ஒபெக்கை உருவாக்கிவிட்டு எண்ணெயையே திட்டியவர்... யார் இந்த பெரெஸ் அல்ஃபோன்சோ?

ஒபெக் கூட்டம்னு செய்தி வந்தாலே பெட்ரோல் விலை ஏறுமா, இறங்குமான்னுதான் பார்க்கிறோம். ஆனால் அந்த அமைப்புக்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் அரபு ஷேக் இல்லை. வெனிசுலாவைச் சேர்ந்த வழக்கறிஞர், ஹுவான் பாப்லோ பெரெஸ் அல்ஃபோன்சோ.

1903-ல் கராகஸில் பிறந்தவர். 1945-க்குப் பிறகு அமைச்சராகி, எண்ணெய் லாபத்தில் பாதி அரசுக்கே என்பதை 1948-ல் சட்டமாக்கினார். அதே ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதலில் சிறை, அப்புறம் நாடு கடத்தல்.

வாஷிங்டனில் தங்கியவர் சும்மா இருக்கல. டெக்சாஸ் ரயில்வே கமிஷனைப் பற்றி விழுந்து விழுந்து படித்தார். பெயர்தான் ரயில்வே, கிணறுகளில் எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தி, விலை சரியாமல் பார்த்துக்கொண்டதும் அந்த கமிஷன்தான். டெக்சாஸ் செய்வதை எண்ணெய் நாடுகள் சேர்ந்து ஏன் செய்யக்கூடாது? அவர் யோசனை அவ்வளவுதான்.

1959-ல் மறுபடியும் அமைச்சர். அப்போது கச்சா எண்ணெய் விலையை முடிவு செய்தது நாடுகள் இல்லை, 'ஏழு சகோதரிகள்' எனப்பட்ட மேற்கத்திய கம்பெனிகள். அவர்கள் அறிவிக்கும் விலையை வைத்துதான் அரசுகளுக்கு வரி. விலையைக் குறைத்தால் கஜானாவில் ஓட்டை. இதற்கிடையே அமெரிக்காவும் எண்ணெய் இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்து, கனடா, மெக்சிகோவுக்கு மட்டும் சலுகை கொடுத்தது. வாஷிங்டன் போய் பேசிப் பார்த்தார், வேலைக்கு ஆகல.

அடுத்து கெய்ரோ. 1959 ஏப்ரலில் அங்கு நடந்த அரபு பெட்ரோலிய மாநாட்டுக்கு வந்தவர், சவுதியின் அப்துல்லா தாரிக்கியோடு கைகோத்தார். பக்கத்தில் மாடி என்ற இடத்தில், மற்ற நாட்டுப் பிரதிநிதிகளோடு ரகசியமாக ஒரு புரிந்துணர்வு. 1960 ஆகஸ்டில் ஸ்டாண்டர்ட் ஆயில் நியூ ஜெர்சி யாரையும் கேட்காமல் பேரலுக்கு 14 சென்ட் வரை விலையைக் குறைக்க, எரிச்சலான நாடுகள் செப்டம்பரில் பாக்தாத்தில் கூடின. ஈரான், ஈராக், குவைத், சவுதி, வெனிசுலா. ஒபெக் பிறந்தது.

ஆனால் அவர் கேட்ட உற்பத்தி ஒதுக்கீடு மட்டும் கிடைக்கல. கட்டுப்பாட்டை ஏற்க மற்றவர்களுக்கு மனமில்லை. 1962-ல் தாரிக்கியின் பதவி போனது, 1963-ல் இவரே விலகினார்.

1973-74-ல் விலை நான்கு மடங்கானது. வெனிசுலாவில் பணம் கொட்டியது. இவரோ ஊதாரித்தனம், ஊழல், கடன் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் சாத்தானின் கழிவு என்றே சொல்லி, 1976-ல் அதைத் தலைப்பிலேயே வைத்து ஒரு புத்தகமும் வெளியிட்டார். ஆயில் ஊற்றாமல் ஓட்டியதால் எஞ்சின் போன தன் சிங்கர் காரை, வீட்டுத் தோட்டத்தில் துருப்பிடிக்கவே விட்டு வைத்திருந்தார்.

1979 செப்டம்பரில் வாஷிங்டனில் இறந்தார். அவர் கேட்ட உற்பத்தி ஒதுக்கீட்டை ஒபெக் கொண்டுவந்தது 1982-ல்.