சொற்களின் வேரைத் தேடிய தையல்காரர் மகன்



கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி: நம்ம வீட்டுச் சொற்களான இந்த மூன்றும் ஆங்கிலத்திலே கட்டமரான், செரூட், மல்லிகட்டானி என்று உலவுகின்றன. இப்படி ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று காட்டுவதுதான் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி. அதற்காகவே தம் வாழ்வைத் தந்தவர் ஜேம்ஸ் மர்ரே.

1837-இல் ஸ்காட்லாந்தின் டென்ஹோம் கிராமத்தில் பிறந்தார். தந்தை துணி தைத்துப் பிழைத்தவர். மேலே படிக்கவைக்க வசதியில்லை. 14 வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. பள்ளிதான் நின்றதே தவிர, படிப்பு நிற்கவில்லை! தாமாகவே பல மொழிகளைக் கற்றார். 17 வயதில் ஆசிரியரானார். பின்பு லண்டனில் வங்கிக் குமாஸ்தா வேலையும் பார்த்தார். 1870-இல் மீண்டும் ஆசிரியப் பணிக்கே வந்தார்.

1879-இல் அகராதிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வீட்டுத் தோட்டத்திலே ஓர் இரும்புக் கொட்டகை போட்டார். சுவரெங்கும் சின்னச் சின்ன அறைகள் வைத்த அடுக்குகள். பொதுமக்கள் நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அவருடைய 11 பிள்ளைகளும் அவற்றை அகரவரிசையில் அடுக்கிக் கைச்செலவுக்குக் காசு வாங்கினார்களாம்!

பத்தாண்டில் முடியும் என்றுதான் நினைத்தார்கள். ஐந்தாண்டு உழைத்து 1884-இல் முதல் பகுதி வந்தபோது, 'ஆன்ட்' என்ற சொல் வரைதான் எட்டியிருந்தது. ஆன்ட் என்றால் எறும்பு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம்ம பழமொழியாச்சே! மர்ரே சளைக்கவில்லை. 1908-இல் சர் பட்டம் வந்தது. அதன் பிறகும் சீட்டுகளை விடவில்லை. ஏறத்தாழப் பாதி அகராதியைத் தாமே தொகுத்து, 1915-இல் 78-ஆம் வயதில் கண்மூடினார். 1928-இல் பணி நிறைவுற்றது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்! அதைக் காண அவர் இல்லை. ஆனால் அவர் போட்ட பாதையில்தான் மற்றவர்கள் நடந்து முடித்தார்கள்.

பெற்றோர்களே, நாமே பாதியில் படிப்பை விட்டவங்க, பிள்ளைக்கு என்ன சொல்லித் தர முடியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பால்மரக் காட்டிலும் அடுப்படியிலும் நீங்கள் பேசும் சொற்களே பெருஞ்செல்வம். மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தாத்தா பாட்டி பேசும் சொற்களை, நாளைக்கு ஒன்றாக எழுதி வையுங்கள். மர்ரேயின் கொட்டகையும் ஒற்றைச் சீட்டில்தான் தொடங்கியது.