கட்சிக்காரரைக் காத்த உண்மை

குற்றம் புரிந்தவர் அடைக்கலம் தேடி வந்தால் வழக்கறிஞர் செய்ய வேண்டியது யாது? குற்றத்தை மறைப்பதா, குற்றவாளியைக் கைவிடுவதா? இரண்டும் அல்லாத வழியொன்று உண்டு என்பதை மகாத்மா காந்தியின் வாழ்க்கை காட்டுகிறது.

1891-இல் லண்டனில் பாரிஸ்டரான காந்திஜி, 1893-இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கேயே பல்லாண்டுகள் தொழில் புரிந்தார். பொய் வழக்கை ஏற்பதில்லை, சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று புதிய கட்சிக்காரர்களிடம் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவார். ஒருமுறை ஜோகன்னஸ்பர்க்கில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, தம் கட்சிக்காரர் தம்மை ஏமாற்றியிருப்பதை அறிந்தார். உடனே வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு நீதிபதியிடம் தாமே வேண்டினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திகைத்துப்போனார்.

அதனினும் கடிய சோதனை நெருங்கிய நண்பர் வடிவில் வந்தது. டர்பன் நகரின் பெருவணிகரான பார்சி ருஸ்தம்ஜி காந்திஜியின் கட்சிக்காரர், பொதுப்பணியில் உடனுழைத்தவர். 1897 ஜனவரியில் வெறிகொண்ட கூட்டம் காந்திஜியைத் தாக்கியபோது, அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தம் இல்லத்தில் இடமளித்தவர்.

அவர் ஒருநாள் கண்ணீருடன் ஓடிவந்தார். பம்பாய், கல்கத்தாவிலிருந்து வரவழைத்த சரக்குகளுக்குச் சுங்கவரி செலுத்தாமல் அவர் ஏய்த்து வந்தது வெளிப்பட்டுவிட்டது. அதிகாரிகள் அதுவரை அவர் காட்டிய பட்டியல்களை அப்படியே நம்பி வந்தனர். இப்போது சிறைவாசமும் அவமானமும் எதிரே நின்றன.

காந்திஜி அவரைத் தேற்றினார். ஆனால் குற்றத்துக்குத் துணைபோகவில்லை. தம்மிடம் ஒப்புக்கொண்டது போதாது, தீங்கிழைக்கப்பட்ட அரசிடமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இடித்துரைத்தார். விதிக்கும் அபராதத்தைச் செலுத்த வேண்டும். அதை அவர்கள் ஏற்காவிடில் சிறைக்கும் ஆயத்தமாக வேண்டும். சிறை செல்வதைவிடக் குற்றம் செய்ததே வெட்கத்துக்குரியது என்று விளக்கினார். வேறொரு வழக்கறிஞரோ, நேட்டாலின் ஜூரிகள் ஓர் இந்தியரை விடுவிப்பது அரிது என்று எச்சரித்தார். ருஸ்தம்ஜி தயங்கினார். ஆயினும் இறுதியில் நண்பரின் வழியையே ஏற்றார்.

கட்சிக்காரரின் இசைவு கிடைத்த பின்னரே காந்திஜி சுங்க அதிகாரியையும் அட்டர்னி ஜெனரலையும் சந்தித்தார். எதையும் மறைக்காமல் கூறி, கணக்குப் புத்தகங்கள் அனைத்தையும் பார்வைக்கு வைப்பதாக உறுதியளித்தார். ஏய்த்ததாக ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இருமடங்கு அபராதத்துடன் வழக்கு முடிந்தது. ருஸ்தம்ஜி இந்த வரலாறு முழுவதையும் எழுதிச் சட்டமிட்டு, தம் வாரிசுகளும் சக வணிகர்களும் காணுமாறு அலுவலகத்தில் மாட்டிவைத்தார்.

கட்சிக்காரருக்குக் கூறிய நெறியைக் காந்திஜி தமக்கு விலக்காக்கிக் கொள்ளவில்லை. 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ராஜத்துரோக வழக்கில் நின்றபோது, தம் எழுத்துக்குத் தாமே பொறுப்பேற்று, குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, கடுந்தண்டனையையே வேண்டினார். ஆறாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆண்டில் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1988-இல் மீண்டும் சேர்த்தது.

குற்றத்தைக் காப்பது வேறு, குற்றம் செய்தவரைக் காப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த வழக்கறிஞரிடம் வருபவர் வழக்கிலிருந்து மட்டுமன்று, தம் பிழையிலிருந்தும் மீள்கிறார்.