அலோய்ஸ் அல்சைமர்

ஒரு நோயின் பெயராகவே நிலைத்துவிட்டமையால், அல்சைமர் ஒரு மனிதர் என்பதையே பலர் மறந்துவிட்டோம். ஜெர்மனியில் பவேரியாப் பகுதியிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864ஆம் ஆண்டு பிறந்தார் அவர். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே ஃபிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். அங்கு வந்து சேர்ந்த ஃபிரான்ஸ் நிசில், நரம்பணுக்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கலையில் வல்லவர். அந்த நட்புத்தான் அல்சைமரை அல்சைமர் ஆக்கியது எனலாம்.

1901இல் அவர் மனைவி மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டார். தம் பெயரைக்கூட முழுமையாக எழுத இயலாத அளவுக்கு நினைவு குன்றியிருந்தது. பின்னர் மியூனிக் நகருக்குப் பணிமாறிச் சென்ற பிறகும் அல்சைமர் அவரை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்ததும் மூளையை வரவழைத்தார். மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நோக்கினார். நரம்பணுக்களுக்குள் தடித்த இழைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. அணு அழிந்த இடத்திலும் இழை முடிச்சு மட்டும் அழியாதிருந்தது.

இங்கேதான் அவருடைய கூர்மை விளங்குகிறது. இயல்பான இழைகள் ஏற்காத சாயங்களை இவை ஏற்றன. ஆகவே இழைப் பொருளிலேயே ஏதோ வேதி மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று துணிந்தார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் இதனை எடுத்துரைத்தபோது அவையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை! 1910இல் அவருடைய தலைவர் கிரெப்பலின்தான் தம் பாடநூலில் அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். 1912இல் பிரெஸ்லாவில் பேராசிரியரானார். 1915 டிசம்பரில் மறைந்தார். அப்போது வயது 51. அப்பெண்மணி மருத்துவமனைக்கு வந்தபோதிருந்த அதே வயது.

அவர் கருதிய வேதி மாற்றம் இன்னதென்று 1986இல்தான் தெரிந்தது. முடிச்சில் இருந்தது டௌ என்னும் புரதம். நரம்பணுவின் நுண்குழல்களைப் பற்றி நிறுத்துவது அதன் வேலை. இயல்பாக ஒரு டௌ மூலக்கூறில் இரண்டு மூன்று பாஸ்பேட்டுகளே இருக்கும்; நோயுற்ற மூளையிலோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. பாஸ்பேட் மிகுந்தால் டௌ குழலை விட்டு நழுவுகிறது. நழுவியவை ஒன்றோடொன்று ஒட்டி இழையாகின்றன.

ஆனால் பாஸ்பேட் ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட முடியாது. கருவிலுள்ள குழந்தையின் டௌவிலும் பாஸ்பேட் மிகுதி; அங்கே முடிச்சு விழுவதில்லை. குளிர்காலம் முழுவதும் உறங்கும் தரை அணில்களின் மூளையிலும் அது ஏறுகிறது, விழித்ததும் இறங்கிவிடுகிறது. மனித மூளையில் மட்டும் அது ஏன் இறங்காமல் நின்றுவிடுகிறது என்பதே இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள கேள்வி.