நகரங்களுக்கு மருத்துவம் பார்த்த தாவரவியலார்

உடல் நலிந்தால் மருத்துவரை நாடுகிறோம். பயிர் வாடினால் வேரையும் மண்ணையும் ஆராய்கிறோம். ஒரு நகரத்தின் நடுப்பகுதி நலிந்து போனால் மட்டும் ஏன் உடனே கடப்பாரையைத் தேடுகிறோம்? நூறாண்டுகளுக்கு முன்பே இப்படிச் சிந்தித்தவர் சர் பாட்ரிக் கெட்டிஸ். நகரமைப்பு அறிஞர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆயினும் அவர் அடிப்படையில் ஒரு தாவரவியலார். தாவரவியல் பயிலும் எனக்கு அவர்மீது பற்று ஏற்பட அதுவே முதற்காரணம்.

கெட்டிஸ் 1854-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். பெர்த் நகரில் வளர்ந்த சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே முதற்பள்ளியாயிற்று. சிலகாலம் வங்கியில் வேலை பார்த்தார், மனம் ஒட்டவில்லை. பின்னர் இலண்டன் சென்று உயிரியல் மேதை ஹக்ஸ்லியிடம் பயின்றார். வியப்பு என்னவென்றால், பேராசிரியராகப் புகழ்பெற்ற இவர் எந்தப் பல்கலைக்கழகத் தேர்வையும் எழுதிப் பட்டம் பெற்றவர் அல்லர்!

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது அவருடைய பார்வை மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டது, ஆனால் நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்க்கும் வலிமை கண்களுக்கு இல்லை. செல்லைக் காண முடியாத கண்கள் சமுதாயத்தைக் காணத் தொடங்கின என்றே நான் எண்ணுகிறேன். உயிரினத்தை அதன் சூழலோடு சேர்த்துத்தான் அறிய வேண்டும் என்பது உயிரியல் பாடம். அந்தப் பாடத்தையே அவர் மனிதனுக்கும் ஊருக்கும் பொருத்திப் பார்த்தார்.

அப்போது எடின்பரோ நகரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1767-க்குப் பிறகு புதுநகரம் எழுந்தது. செல்வரும் கற்றோரும் அங்கே குடிபெயர்ந்தனர். பழைய நகரத்தின் உயரமான மாடிக் கட்டடங்களிலும் இருண்ட சந்துகளிலும் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். நல்லவர் ஒருவர்கூட அங்கே குடியேற நினைக்காத காலம் அது. 1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்த கெட்டிஸ், மறு ஆண்டே அந்தப் பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்தில் குடியேறினார். கணவனும் மனைவியும் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சன்னல்களில் பூச்செடி வைத்தனர். சீர்திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கிற்று.

அதே ஆண்டில் அப்பகுதியிலேயே மாணவர் விடுதி ஒன்றையும் ஏற்படுத்தினார். விடுதி நிருவாகத்தை மாணவர்களிடமே விட்டார். படித்தவர் கூட்டம் பழைய நகரத்துக்குத் திரும்பி வந்தது. 1892-இல் ஒரு பழைய கோபுரக் கட்டடத்தைப் பெற்று, அதை ஊரை அறியும் காட்சிக்கூடமாக மாற்றினார். உச்சியில் நின்றால் நகரம் முழுவதும் தெரியும். கீழே இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று அறிவு விரியும். தன் ஊரை அறியாதவன் உலகை அறிய முடியாது என்பதல்லவா இதன் உட்பொருள்!

சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் கெட்டிஸ் இந்தியா வந்தார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது! கெட்டிஸ் கலங்கவில்லை. நண்பர்கள் உதவியால் புதிய பொருள்களைத் திரட்டி, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்திக் காட்டினார்.

பின்னர் தமிழ்நாட்டு ஊர்களை நடந்தே சுற்றிப் பார்த்தார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பை இடித்து நேர்கோட்டுச் சாலைகள் போடுவது அதிகாரிகளின் திட்டம். கெட்டிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்று. கிடைக்கும் வெளியில் மரம் நடு. சந்தை வேண்டிய இடத்தில் மட்டும் அகலமாக்கு. மற்ற வீடுகளைக் காப்பாற்று. இதுவே அவர் வரைந்த மாற்றுத் திட்டம். செலவும் மிகக் குறைவு. குடிமக்களும் தெருவில் நிற்க வேண்டியதில்லை. நல்ல மருத்துவன் கெட்ட சதையை மட்டுமே அறுப்பான் அல்லவா?

இதைப் படித்தபோது என் நெஞ்சில் எழுந்த எண்ணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீடு கடைவீதிக்குப் பின்னுள்ள ஒரு சந்தில் இருக்கிறது. அளவு நாடாவுடன் வந்த சிலர் வீட்டுச் சுவர்களில் சிவப்புக் குறியிட்டுச் சென்றனர். எங்கே போவீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. சாக்கடை நாறுவது உண்மை. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் நுழைய முடியாததும் உண்மை. மாற்றம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறியிடுமுன் ஒருநாள் அந்தச் சந்தில் நடந்து, இருப்பவரிடம் பேசியிருக்கலாம். கெட்டிஸ் அப்படித்தான் செய்திருப்பார்.

இந்தூரில் பிளேக் நோய் பரவியபோது, அவர் தீபாவளியையே துப்புரவு விழாவாக்கினார். எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. ஊர்வலத்தில் பேரெலியின் உருவமும் வந்தது. மக்களின் விழாவையே மருந்தாக்கிய திறம் அது!

1917-ஆம் ஆண்டு கொடியது. மகன் பிரான்சில் போரில் மாண்டான். துணைவியார் இந்தியாவிலேயே காய்ச்சலில் மறைந்தார். துயரைச் சுமந்தபடியே கெட்டிஸ் பணி செய்தார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். நம் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். 1925-இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் தந்தார். 1932-இல் பிரான்சின் மொன்பெலியே நகரில் காலமானார். எல்லாரும் கைவிட்ட எடின்பரோவின் பழைய நகரம், புதுநகரத்தோடு சேர்ந்து 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தது நான்தான். படித்து முடித்ததும் இந்தச் சந்தைவிட்டுப் புறநகர் மனைக்குப் போய்விட வேண்டும் என்பதே உறவினர் கூறும் வாழ்த்து. அன்புடன்தான் கூறுகின்றனர். ஆனால் படித்தவர் எல்லாரும் வெளியேறினால் பழைய தெருவுக்காகப் பேச யார் இருப்பார்? பட்டம் பெறாத ஒரு பேரறிஞர் ஏழைகளின் தெருவைத் தேடிக் குடிபோனார். பட்டம் பெறப்போகும் நாம் பிறந்த தெருவை மறக்கலாமா? அங்கேயே வாழ இயலாவிட்டாலும், அதன் சாக்கடையையும் கிணற்றையும் மரத்தையும் அளந்து ஒரு வரைபடமாவது ஆக்கி வைப்போம். நாளை திட்டம் தீட்ட வருவோர் கையில் கொடுக்க அது உதவும்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்