ஆண், துறவி, பாட்டி... கே.பி.சுந்தராம்பாள் ஏன் சினிமாவில் ஜோடியாக நடிக்கவே இல்லை?

கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடியாகப் பாடி ஊரையே கட்டிப்போட்டவர். அவரையே மணந்தார். கடைசியில் இருவரும் பிரிந்துதான் இருந்தார்கள். ஆனாலும் 1933-ல் கிட்டப்பா 27 வயதில் இறந்ததும், சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்வதில்லை என்றும் முடிவெடுத்தார். அப்போது அவருக்கு வயது 25 தான்.

கதாநாயகி என்றாலே காதலி, இல்லாவிட்டால் மனைவி. அப்படிப்பட்ட சினிமாவில் இவருக்கு என்ன வேடம் தருவது? 1935-ல் 'பக்த நந்தனார்' எடுத்தவர்கள் நந்தனார் வேடத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்! மேடையில் ஏற்கெனவே ஆண் வேடம் கட்டியவர் என்பதால் அவருக்கு இது புதுசு இல்லை. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தட்டிக்கழிக்கத்தான் அவ்வளவு கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார். படத்தை கல்கி விமர்சனத்தில் கிழித்துத் தொங்கவிட்டது தனிக்கதை.

அடுத்து 'மணிமேகலை'யில் துறவி. 1953-ல் 'ஔவையார்' வந்தபோது வயது 44. திரையிலோ நரைத்த கிழவி. 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' (1965) படத்தில் மறுபடியும் ஔவை. இத்தனைக்கும் நடுவே சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். காதலி வேடம் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. 1980-ல் மறையும்வரை வெள்ளைப் புடவைதான்.