போதகர் ஸ்கடரும் பண்டத்தரிப்பு மருந்துச்சாலையும்

யாழ்ப்பாணத்தின் மருத்துவ வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் மானிப்பாய் டொக்டர் சாமுவேல் கிறீனின் பெயரிலிருந்தே தொடங்குவர். தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்த அவர் அந்தப் பெருமைக்கு முற்றிலும் உரியவர். ஆயினும் கிறீன் இங்கு வருவதற்கு ஏறக்குறைய 28 ஆண்டுகளுக்கு முன்னரே மருந்துப் பெட்டியோடு இம்மண்ணில் கால் வைத்தவர் ஒருவர் உண்டு. அவரே வணக்கத்துக்குரிய டொக்டர் ஜோன் ஸ்கடர். அமெரிக்காவிலிருந்து பிற நாட்டுக்குப் புறப்பட்ட முதலாவது மருத்துவ மிஷனரி எனப் போற்றப்படுபவரும் அவரே.

ஸ்கடர் 1793ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். பிரின்ஸ்டனில் கற்று, 1813இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, அந்நகரிலேயே தொழில் புரிந்தார். நல்ல வருமானமும் நற்பெயரும் இருந்தன. அந்நாளில் ஒரு நோயாளியின் வீட்டிலே, கீழைத்தேய மக்களிடையே பணிபுரிய வருமாறு அழைக்கும் சிறு பிரசுரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதை வாசித்த பின்னர் அவருடைய மனம் நியூயோர்க்கில் தங்கவில்லை. தந்தையார் கடுமையாக எதிர்த்தார். மனைவி ஹரியற் வாட்டர்பெரியோ கணவருடன் புறப்பட உடன்பட்டார். 1819ஆம் ஆண்டு யூன் மாதம் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து இந்துஸ் என்னும் கப்பலில் அவர்கள் பயணமானார்கள்.

அதே கப்பலில் வந்தவர்களுள் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹரியற் வின்ஸ்லோவும் இருந்தனர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் இந்த அம்மையாரே. வடபகுதியின் பெண் கல்விக்கும் மேலைநாட்டு வைத்தியத்துக்கும் வித்திட்டவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

பயணம் எளிதாக இருக்கவில்லை. கல்கத்தாவை அடைந்தபோது ஸ்கடர் தம்பதியர் தமது சின்னஞ்சிறு மகளைப் பறிகொடுத்தனர். அந்தத் துயரோடுதான் அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1820இல் ஸ்கடர் போதகராக அபிஷேகம் பெற்றார். பண்டத்தரிப்பு அவருடைய பணித்தளமாயிற்று. அதே ஆண்டில், அமெரிக்க மிஷனரிமார் மேலும் இலங்கைக்கு வருவதைப் பிரித்தானிய அரசு தடுத்தது. தடை 1833 வரை நீடித்தது. ஆகவே உதவிக்கு இன்னொரு வைத்தியர் வருவார் என்று எதிர்பார்க்க இடமில்லாமலே அவர் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது.

அக்கால வைத்தியத்தின் நிலையை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்ப்பது கடினம். மயக்க மருந்து புழக்கத்துக்கு வந்தது 1846இன் பின்னரே. நோயாளி விழித்திருக்கவே கத்தி வைக்க வேண்டும். கிருமிகளால் நோய் உண்டாகிறது என்பது நிறுவப்படவில்லை. வாந்திபேதி நீரினாற் பரவுகிறது என்பதும் அறியப்படவில்லை. அம்மைப்பால் குத்துவது ஒன்றே உறுதியான தடுப்பாக இருந்தது. இந்தச் சொற்பக் கருவிகளைக் கொண்டு அவர் பண்டத்தரிப்பில் மருந்துச்சாலை நடத்தினார். வாந்திபேதி கண்டவர்களைப் பார்த்தார். அறுவைச் சிகிச்சை செய்தார். தமிழைக் கற்றுக்கொண்டார். உள்ளூர் இளைஞர் சிலருக்கு வைத்தியமும் பழக்கினார். ஒரு தனிமனிதனின் உழைப்பு அவனோடு முடிந்துவிடாமல் இருக்க வழி இதுவே என்பதை அவர் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்.

அவர் முதலிற் போதகர். மருந்துக்கு வந்தவர்களுக்குச் சமயமும் போதித்தார். துண்டுப் பிரசுரங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று கொடுத்தார். மதமாற்றம் குறித்து எமது சமூகத்தில் எழுந்த மனத்தாங்கலையும் சைவ மறுமலர்ச்சியையும் நாம் அறிவோம். அதனை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்ட வேண்டியதில்லை. எம்மதத்தவராயினும் நோயாளியின் வலி ஒன்றே. அந்த வலியைத் தணிக்க அவர் தமது சுகவாழ்வைத் துறந்தார் என்பது எல்லோருக்கும் பொதுவான உண்மை.

1836இல் அவர் சென்னைக்கு மாறினார். ஓயாத பிரயாணங்களால் உடல்நலம் கெட்டு 1842இல் தாய்நாடு சென்றார். அங்கும் ஓய்ந்திருக்கவில்லை, நகர் நகராகச் சென்று சிறுவர் சிறுமியரிடம் கீழைத்தேயப் பணி பற்றிப் பேசினார். 1846இல் மீண்டும் புறப்பட்டு வந்தார். 1849இல் மனைவி சென்னையில் காலமானார். சுகம் நாடி நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, 1855 ஜனவரி 13ஆம் திகதி அங்குள்ள வின்பேர்க் என்னும் இடத்தில் அவரும் மறைந்தார்.

அவருடைய பணி அத்துடன் நிற்கவில்லை. 1822இல் பண்டத்தரிப்பிற் பிறந்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், தமிழகத்தில் ஆற்காடு மிஷனை நிறுவினார். 1835இல் யாழ்ப்பாண மண்ணில் பிறந்த இன்னொரு மகன், தந்தையின் பெயரையே கொண்ட ஜோன், தாமும் மருத்துவப் போதகரானார். அந்த ஜோனின் மகளே ஐடா ஸ்கடர்.

ஐடாவுக்கு மிஷனரியாகும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று கணவன்மார், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். தந்தையார் வைத்தியர், அவர் வரத் தயார். ஆனால் அந்நிய ஆணொருவர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். ஐடா மருத்துவம் படிக்கச் சென்றார். 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1902இல் வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடக்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

பிரசவ விடுதியில் பணியாற்றும் என்னைப் போன்றோருக்கு அந்த இரவு பழங்கதையன்று. தக்க வேளையில் தக்க கை எட்டாவிட்டால் இன்றும் தாய்மார் இறக்கிறார்கள். பாட்டனார் தனியொருவராக மருந்து கொடுத்தார், சிலருக்குக் கற்றுக் கொடுத்தார். பேத்தியார் நூற்றுக்கணக்கான பெண்களை வைத்தியர்களாக்க வழி திறந்தார். நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவியர் சங்கத்தில் வைத்தியர்களும் தாதியர்களும் குடும்பநல மாதுக்களும் ஆசிரியைகளும் நிறைந்திருக்கிறோம். நாம் ஒவ்வொருவரும் அறிந்த தொழிலை இன்னொரு பெண்பிள்ளைக்குக் கையளிப்போமாயின், பண்டத்தரிப்பில் தொடங்கிய அந்தப் பணியில் எமக்கும் பங்கு கிடைக்கும்.