ஈயமும் இரும்பும்: சாமுவேல் கோல்ட்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

துப்பாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது, திரைப்படக் கதாநாயகன் விரலில் சுழற்றும் ஆறு குண்டுச் சுழல் துப்பாக்கிதான். அதை உலகெங்கும் பரப்பியவர் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர். அவருடைய வாழ்க்கை அறிவியல் மாணவர்களாகிய நமக்கு ஒரு பாடமாகவும், ஓர் எச்சரிக்கையாகவும் விளங்குகிறது.

கோல்ட் 1814 ஜூலை 19-இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் பாடத்தைவிட வெடிமருந்தே அவரை ஈர்த்தது. 1830-இல் தந்தை அவரைக் கப்பல் வேலைக்கு அனுப்பினார். ‘கோர்வோ’ என்ற அக்கப்பல் சென்ற இடம் நம் கல்கத்தா! அப்பயணத்தில்தான் பதினாறு வயதுச் சிறுவனாகிய அவர் சுழல் துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார்.

திரும்பி வந்தவரிடம் பணமில்லை. டாக்டர் என்று தம்மை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். நாம் வேதியியலில் படிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவைக் கொண்டு காட்சி நடத்திக் காசு சேர்த்தார். 1836 பிப்ரவரி 25-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பேட்டர்சன் நகரில் தொழிற்சாலையும் தொடங்கினார். வாங்குவோர் குறைந்தனர், 1842-இல் அது மூடப்பட்டது.

மெக்சிகோ போரின்போது மறுவாழ்வு வந்தது. சாமுவேல் வாக்கர் என்ற படைத்தலைவர் இன்னும் வலிய துப்பாக்கி வேண்டுமென்றார். 1847-இல் அரசு 1,000 துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டது. தொழிற்சாலை இல்லாத கோல்ட், எலி விட்னி இளையவரின் ஆலையில் அவற்றைச் செய்வித்தார்.

அத்துப்பாக்கிக்கு உலோகத் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, நெம்புகோலால் இறுக்க வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கரு மருந்து. உருண்டைக் குண்டின் எடை சுமார் 9 கிராம். குழலின் விட்டத்தை மாற்றாமல் ஈயத்தைக் கூட்ட வேண்டுமானால் குண்டை நீட்டுவதே வழி. இவ்வாறு பிறந்த கூம்புக் குண்டு சுமார் 14 கிராம் இருந்தது.

இங்கேதான் நியூட்டனின் விதி குறுக்கிடுகிறது. நிறை கூடினால் குண்டு மெதுவாக நகரும். அது நகரும்வரை வாயு சிறிய இடத்தில் அடைபட்டு அழுத்தம் ஏறும். வாக்கர் துப்பாக்கியின் அறையோ 4 கிராம் அளவு மருந்தையும் கூம்புக் குண்டையும் ஒன்றாகக் கொள்ளும் அளவுக்குப் பெரியது. அன்றைய இரும்பு அதைத் தாங்கவில்லை. பல துப்பாக்கிகளின் உருளைகள் வெடித்தன. சிலர் குண்டைத் தலைகீழாக இட்டதும் ஒரு காரணம் என்பர்.

கோல்ட் பழியைப் பிறர்மேல் போட்டு நின்றுவிடவில்லை. 1848-இல் வந்த டிரகூன் துப்பாக்கியில் உருளையைச் சுருக்கி, மருந்தைக் குறைத்தார். 1860-இல் சிறந்த எஃகு கிடைத்ததும், அதே குழல் விட்டத்தில், சுமார் 1.2 கிலோ எடையில் புதிய துப்பாக்கி வந்தது. வாக்கர் துப்பாக்கியோ இரண்டு கிலோவுக்கும் மேல்! எடையைக் கூட்டாமலே வலிமையைக் கூட்டியது உலோக அறிவே.

1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அவர் புகழ் பரவியது. 1855-இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. எலிஷா ரூட் என்ற வல்லுநரின் துணையோடு, ஒரே அளவான உறுப்புகளை எந்திரங்கள் அங்கே செய்து குவித்தன. நாம் இன்று ஓட்டும் சைக்கிளுக்கு உதிரி உறுப்பு கடையில் கிடைப்பதற்கும் இம்முறையே அடிப்படை.

ஆயினும் மறுபக்கம் ஒன்று உண்டு. தம் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே, 1847 அக்டோபரில் வாக்கர் போர்க்களத்தில் மாண்டார். 1861-இல் அமெரிக்கர் இரு கூறாகி மோதினர். அதுவரை இரு பகுதிகளுக்கும் கோல்ட் துப்பாக்கி விற்றிருந்தார். அப்போர் முடியும் முன்பே, 1862 ஜனவரி 10-இல், பெருஞ்செல்வராக 47-ஆம் வயதில் மறைந்தார்.

உருளை வெடித்தபோது காரணம் தேடித் திருத்தியவர், விற்ற கருவி யார் மார்பை நோக்கும் என்று தேடவில்லை. நண்பர்களே, முதல் தேடலை அவரிடம் கற்போம். இரண்டாவது தேடலை நாமே மேற்கொள்வோம்.